தன்னார்வக் கணிமைக்கு எந்த கிராஃபிக்ஸ் டிரைவர் வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரில், செந்தூல் பக்கம் இருக்கிறேன். சில வருடங்களாக என் கணினியின் ஓய்வு நேரத்தை ஆராய்ச்சிக்குக் கொடுத்து வருகிறேன். இதைப் பார்த்துவிட்டு உறவுக்காரப் பிள்ளைகள், கிள்ளானில் இருக்கும் நண்பர்கள், பினாங்கில் படிக்கும் தம்பிகள் என்று பலரும் அதே வழியில் இறங்கினார்கள். திரையில் படம் காட்டும் கிராஃபிக்ஸ் கார்டையும் இந்தக் கணக்குக்கு விடலாம். அவர்களில் பாதிப்பேர் முதல் நாளே மாட்டிக்கொண்டது அந்தக் கார்டை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருளில்தான். அவர்கள் கேட்டவற்றையும் நான் சொன்னவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

தன்னார்வக் கணிமை என்றால் என்ன அண்ணே?

ஒரு பெரிய கணக்கைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, உலகம் முழுக்க உள்ள வீட்டுக் கணினிகளுக்கு அனுப்புவார்கள். நம் கணினி ஒரு துண்டை வாங்கி, கணக்குப் போட்டு, விடையைத் திருப்பி அனுப்பும். 1999இல் வேற்றுலக உயிர்களின் ரேடியோ சமிக்ஞையைத் தேட ஆரம்பித்த செட்டி அட் ஹோம் இதைப் பிரபலமாக்கியது. அது 2020 மார்ச்சில் வேலை கொடுப்பதை நிறுத்திவிட்டது. ஆனால் அதே பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிறந்த பாயிங்க் என்ற மென்பொருளை இன்றும் பல திட்டங்கள் பயன்படுத்துகின்றன. ஈர்ப்பலைகளையும், பல்சார் என்ற துடிக்கும் விண்மீன்களையும் தேடும் ஐன்ஸ்டைன் அட் ஹோம், பகா எண்களைத் தேடும் பிரைம்கிரிட் எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. புரதங்கள் எப்படி மடிகின்றன, அசைகின்றன என்று ஆராயும் ஃபோல்டிங் அட் ஹோமுக்குத் தனி மென்பொருள் உண்டு.

வீட்டுக் கணினி எதைக் கண்டுபிடித்துவிடப் போகிறது என்று நினைக்க வேண்டாம். 2010இல் ஐன்ஸ்டைன் அட் ஹோம் முதன்முதலாக ஒரு புதிய ரேடியோ பல்சாரைக் கண்டுபிடித்தது. அமெரிக்காவின் ஐயோவாவில் ஒரு தம்பதியின் கணினியும் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் ஒருவரின் கணினியும்தான் அதைப் பிடித்துக் கொடுத்தன.

சுருக்கமாகச் சொல்லுங்கள், எதை இறக்க வேண்டும்?

இரண்டே இரண்டு. ஒன்று, பாயிங்க் அல்லது ஃபோல்டிங் அட் ஹோம் மென்பொருள். இரண்டு, உங்கள் கார்டின் சிப்பைத் தயாரித்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து முழு டிரைவர். என்விடியா சிப் என்றால் என்விடியா தளம், ஏஎம்டி என்றால் ஏஎம்டி தளம், இன்டெல் என்றால் இன்டெல் தளம். விண்டோஸில் வேறு எதுவும் தேவையில்லை.

“டிரைவர் அப்டேட்டர்” என்று விளம்பரம் காட்டும் மென்பொருள்களைத் தொடாதீர்கள். அவை செய்வதாகச் சொல்லும் வேலையை நீங்களே பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம்.

கேம் எல்லாம் அருமையாக ஓடுகிறது. ஆனால் பாயிங்க் மட்டும் கார்டே இல்லை என்கிறது. ஏன்?

என்னிடம் அதிகம் வந்த கேள்வி இதுதான். இதைப் புரிந்துகொண்டால் மீதி பாதி தானாகவே புரிந்துவிடும்.

டிரைவர் என்பது ஒரே பொருள் அல்ல, ஒரு மூட்டை. படத்தைத் திரையில் காட்ட ஒரு பகுதி, கேமுக்கு டைரக்ட்எக்ஸ், வல்கன் என்று சில பகுதிகள், கார்டைக் கணக்குப் போட வைக்க வேறொரு பகுதி. இந்தக் கடைசிப் பகுதிதான் நமக்கு முக்கியம். அதன் பெயர் ஓப்பன்சிஎல். என்விடியாவில் கூடுதலாகக் குடா என்று ஒன்று உண்டு. இந்தப் பகுதி மூட்டையில் இல்லாவிட்டாலும் படம் தெரியும், கேம் ஓடும். கார்டு நலமாகத்தான் இருப்பதாகத் தோன்றும். ஆனால் பாயிங்க் எழுந்து “கணக்குப் போடத் தெரிந்த கார்டு யாராவது இருக்கிறீர்களா” என்று கேட்டால் பதில் வராது.

விண்டோஸ் அப்டேட் வழியாகத் தானாக வரும் டிரைவரில் இந்தப் பகுதி சில நேரம் விடுபட்டிருக்கும். கிள்ளானில் என் சித்தப்பா மகன் கணினியில் இப்படித்தான் ஆனது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கார்டு மூன்று நாளாக ஒரு துண்டும் வாங்கவில்லை. அவன் கார்டு போய்விட்டது என்றே முடிவு கட்டி, புதியது வாங்க லோ யாட்டுக்குக் கிளம்பிவிட்டான். போன் போட்டு நிறுத்தி, டிரைவரைப் பார்க்கச் சொன்னேன். அவனுக்கே தெரியாமல் டிரைவர் மாறியிருந்தது. கார்டு தயாரித்தவர்களின் முழு டிரைவரைப் போட்டான், கணினியை மறுபடி தொடங்கினான். பசியாறி முடிப்பதற்குள் முதல் துண்டு ஓடத் தொடங்கிவிட்டது.

குடாவா, ஓப்பன்சிஎல்லா? எதைத் தேர்ந்தெடுப்பது?

நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. திட்டத்தின் சர்வர் உங்கள் கார்டையும் டிரைவர் எண்ணையும் பார்த்து, பொருத்தமான நிரலைத் தானே அனுப்பும். நம் பக்கம் இரண்டும் தயாராக இருந்தால் போதும்.

வித்தியாசம் தெரிந்துகொள்வது நல்லதுதான். குடா என்விடியாவின் சொந்தச் சொத்து, என்விடியா கார்டில் மட்டும் ஓடும். ஓப்பன்சிஎல் பொதுவானது, மூன்று நிறுவனங்களின் கார்டுகளிலும் ஓடும். குடா இருந்தால்தான் பெரிய வேலை நடக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள், அது சரியல்ல. 2024 அக்டோபரில் கண்டுபிடிக்கப்பட்ட மாபெரும் மெர்சென் பகா எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 2ஐ 13,62,79,841 முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும் எண் அது. 4 கோடியே 10 லட்சத்துக்கும் அதிகமான இலக்கங்கள் கொண்டது. மெர்சென் பகா எண் ஒன்று கிராஃபிக்ஸ் சிப்பில் கண்டுபிடிக்கப்பட்டது அதுவே முதல் முறை. அது ஓடியது என்விடியா கார்டில்தான், ஆனால் கணக்கைப் போட்ட நிரல் ஓப்பன்சிஎல்லில் எழுதப்பட்டது.

குடா டூல்கிட் என்று 3 ஜிபி அளவில் ஒன்று கிடக்கிறதே, அதையும் போட வேண்டுமா?

வேண்டாம். அது நிரல் எழுதுகிறவர்களுக்கு. ஓடுகிற நிரலுக்குத் தேவையானது டிரைவரிலேயே இருக்கிறது, திட்டத்துக்கென்று வேண்டியதைத் திட்டமே அனுப்பிவிடும். இணைய டேட்டாவை வீணாக்காதீர்கள்.

என்விடியா தளத்தில் கேம் ரெடி, ஸ்டுடியோ என்று இரண்டு இருக்கின்றனவே?

எதைப் போட்டாலும் சரி. இரண்டிலும் குடாவும் ஓப்பன்சிஎல்லும் உண்டு. ஸ்டுடியோ வகை அவ்வளவு அடிக்கடி மாறாது, அதனால் நான் அதைத்தான் போடுகிறேன். கூடவே வரும் என்விடியா ஆப் நம் வேலைக்குத் தேவையில்லை.

என்னிடம் இருப்பது பழைய ஜிடிஎக்ஸ் 1060. அதற்கும் புது டிரைவர் வேலை செய்யுமா?

கவனமாகப் பார்க்க வேண்டிய இடம் இது. நம் ஊரில் பலரிடம் இருப்பது இந்த மாதிரிக் கார்டுதான். அவை இன்னும் நல்ல உழைப்பாளிகள்.

என்விடியா தன் டிரைவர்களைக் கிளை கிளையாக வெளியிடுகிறது. ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைகளுக்கு 580 என்ற கிளைதான் கடைசி. அதற்குப் பிறகு வரும் கிளைகள் அந்தக் கார்டுகளை அடையாளம் காணாது. 600 வரிசைக்கும், 700 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கும் 470 கிளை கடைசி. 400, 500 வரிசைகளுக்கு 390. ஆகவே “புதியதே சிறந்தது” என்று கண்ணை மூடிக்கொண்டு இறக்காமல், என்விடியா தளத்தில் கார்டின் பெயரைக் கொடுத்து, அதற்கு வரும் டிரைவரை மட்டும் எடுங்கள். லினக்ஸில் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மொத்தமாக அப்டேட் கொடுக்கும்போது டிரைவர் அடுத்த கிளைக்குத் தாவிவிட்டால் காலையில் திரையே வராது. 580லேயே நிறுத்தி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், கார்டு பழையதாக ஆக, அதற்கு வேலை கொடுக்கும் திட்டங்களும் குறையும். 390 கிளையில் நின்றுவிட்ட கார்டுக்காக மின்சாரம் செலவழிக்கச் சொல்ல மாட்டேன். 1060 அப்படியல்ல, தாராளமாக ஓட்டுங்கள்.

ஏஎம்டி கார்டுக்கு?

விண்டோஸில் அட்ரினலின் டிரைவர், அவ்வளவுதான். ஓப்பன்சிஎல் அதற்குள்ளேயே இருக்கிறது. முன்பு ஏஎம்டி ஏபிபி எஸ்டிகே என்று தனியாக ஒன்றைப் போடச் சொல்வார்கள். பழைய குறிப்புகளில் அது இன்னும் கிடக்கிறது. இப்போது தேவையில்லை, தேடி அலைய வேண்டாம்.

குடாவுக்கு மட்டும் நிரல் எழுதியிருக்கும் திட்டத்தில் ஏஎம்டி கார்டுக்கு வேலை கிடைக்காது. பார்சிலோனாவிலிருந்து நடக்கும் ஜிபியுகிரிட் பெரும்பாலும் என்விடியாவையே நம்பியிருக்கிறது. ஐன்ஸ்டைன், பிரைம்கிரிட், ஃபோல்டிங் மூன்றிலும் ஏஎம்டிக்கு வேலை உண்டு. சேரும் முன் திட்டத்தின் தளத்தில் அதன் நிரல்களின் பட்டியலைப் பார்த்துவிடுங்கள். எந்தக் கார்டுக்கு எது என்று அங்கே எழுதியிருக்கும்.

இன்டெல் சிப்பில் உள்ள கிராஃபிக்ஸ் போதுமா?

ஓடும், ஆனால் மெதுவாக. பினாங்கில் பாயான் லெப்பாஸ் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இன்டெல் என்றால் தனிப் பாசம். 1972இலிருந்து அங்கே தொழிற்சாலை இருக்கிறது, எத்தனையோ குடும்பங்கள் அந்தச் சம்பளத்தில் படித்து வந்தன. அந்தப் பாசத்தோடு கேட்கிறவர்களுக்கும் உண்மையைத்தான் சொல்ல வேண்டும்.

பிராசசரோடு ஒட்டிய கிராஃபிக்ஸுக்கு விண்டோஸில் இன்டெல்லின் டிரைவரைப் போட்டால் ஓப்பன்சிஎல் வந்துவிடும். ஐன்ஸ்டைனில் அதற்கென்று சின்ன வேலைகள் கிடைப்பதுண்டு. ஆனால் பிராசசரும் கிராஃபிக்ஸும் ஒரே சூட்டையும் ஒரே நினைவகத்தையும் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்றை முடுக்கினால் மற்றொன்று தளரும். அதனால் பிராசசரை மட்டும் வேலைக்கு விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

தனியாக வாங்கும் ஆர்க் கார்டு வேறு கதை, நல்ல வேகம் உண்டு. ஒரு விஷயம் மட்டும்: ஏ வரிசை ஆர்க் கார்டுகளின் சிப்பில் இரட்டைத் துல்லியக் கணக்குக்கான பகுதி இல்லை. அதைக் கேட்கும் திட்டங்களில் இது தடையாகும்.

இரட்டைத் துல்லியம் என்றால்?

ஓர் எண்ணை 64 பிட்டில் வைத்துக் கணக்குப் போடுவது. கேமுக்கு 32 பிட்டே அதிகம். அதனால் நாம் கடையில் வாங்கும் கார்டுகளில் இதற்குக் கொஞ்சம் இடம்தான் ஒதுக்குவார்கள். ஆர்டிஎக்ஸ் 3000, 4000 வரிசைகளில் 64 பிட் கணக்கின் வேகம் 32 பிட் வேகத்தில் 64இல் ஒரு பங்குதான். ஃபோல்டிங் அட் ஹோம் இந்த வசதியைக் கட்டாயமாகக் கேட்கிறது, ஓப்பன்சிஎல் 1.2ம் வேண்டும் என்கிறது. மெதுவாக இருந்தாலும் பரவாயில்லை, இருக்க வேண்டும். என்விடியா கார்டுகளுக்கு 2020 செப்டம்பரிலிருந்து ஃபோல்டிங் குடாவையும் பயன்படுத்துகிறது.

உபுண்டு லினக்ஸில் என்ன செய்வது?

இங்கேதான் பொறுமை வேண்டும். பாயிங்க்கைப் போட்டவுடன் கார்டு தெரியாது. பதற வேண்டாம், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

என்விடியா என்றால், உபுண்டுவோடு வரும் நூவோ என்ற திறந்த டிரைவரை விட்டுவிட்டு, “கூடுதல் டிரைவர்கள்” பக்கத்தில் என்விடியாவின் சொந்த டிரைவரைத் தேர்ந்தெடுங்கள். நூவோவில் குடா கிடையாது. செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதி இயங்கும் கணினியில் டிரைவரைப் போடும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும். மறுதொடக்கத்தில் ஒரு நீலத் திரை வந்து, அதே சொல்லைக் கொடுத்து ஒப்புதல் தரச் சொல்லும். பலரும் அந்த நீலத் திரையைக் கண்டு பயந்து தாண்டிவிடுகிறார்கள். தாண்டினால் டிரைவர் வட்டில் இருக்கும், ஆனால் எழவே எழாது. ஒப்புதல் கொடுங்கள்.

ஏஎம்டி என்றால் படம் காட்டும் டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இருக்கிறது. கேமும் ஓடும். கணக்குப் போடும் ஓப்பன்சிஎல் பகுதியைத்தான் தனியாகச் சேர்க்க வேண்டும். ஏஎம்டி தரும் நிறுவியில் ஓப்பன்சிஎல் அல்லது ராக்எம் என்ற தேர்வைக் கொடுத்துப் போடலாம். இன்டெல்லுக்கும் ஓப்பன்சிஎல் தொகுப்பு தனி, அது உபுண்டுவின் களஞ்சியத்திலேயே கிடைக்கும்.

கடைசியாக அனுமதி. லினக்ஸில் பாயிங்க் உங்கள் பெயரில் ஓடுவதில்லை, பாயிங்க் என்ற தனிப் பயனராக ஓடுகிறது. அந்தப் பயனரை வீடியோ, ரெண்டர் என்ற இரண்டு குழுக்களில் சேர்த்தால்தான் கார்டைத் தொட முடியும். சிஎல்இன்ஃபோ என்ற சிறு நிரலை நீங்கள் ஓட்டும்போது கார்டு தெரிந்து, பாயிங்க்குக்கு மட்டும் தெரியவில்லை என்றால் முதலில் இந்தக் குழுக்களைப் பாருங்கள். அப்புறம் கணினியை ஒரு தடவை மறுதொடக்கம் செய்யுங்கள்.

மேக்கில்?

கார்டுக்காக மெனக்கெட வேண்டாம். டிரைவர் மேக் இயங்குதளத்தோடு வருவது, நாம் தனியாகப் போட எதுவும் இல்லை. ஆப்பிள் 2018இலேயே ஓப்பன்சிஎல்லைக் கைவிடப்போவதாக அறிவித்துவிட்டது. பிராசசரை வைத்து உதவுங்கள், அது நன்றாகவே ஓடும்.

டிரைவர் சரியாக அமர்ந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பாயிங்க்கில் கண்ட்ரோல், ஷிஃப்ட், ஈ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் நிகழ்வுப் பதிவு திறக்கும். அதில் தொடக்கத்து வரிகளைப் பாருங்கள். குடா என்று தொடங்கும் வரியில் கார்டின் பெயரும் டிரைவர் எண்ணும் இருக்கும். ஓப்பன்சிஎல் என்றும் ஒரு வரி இருக்கும். ஏஎம்டி, இன்டெல் கார்டுக்கு ஓப்பன்சிஎல் வரி மட்டும் வரும், அது போதும். பயன்படுத்தத்தக்க ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்) எதுவும் இல்லை என்று வந்தால் மறுபடி டிரைவருக்கே திரும்ப வேண்டும். என்னிடம் கேள்வி கேட்பவர்கள் இந்தப் பத்து வரியையும் அனுப்பிவிட்டால் பாதி நேரம் மிச்சம்.

பதிவில் கார்டு தெரிகிறது. ஆனாலும் ஓடவில்லையே?

அப்படியானால் டிரைவர் மேல் குற்றமில்லை. பாயிங்க்கின் விருப்பங்களில், கணினியை நீங்கள் பயன்படுத்தும்போது கார்டுக்கு வேலை கொடுக்காதே என்ற அமைப்பு முதலிலிருந்தே இயங்கும். எலியை அசைத்துக்கொண்டே “ஏன் ஓடவில்லை” என்று பார்த்துக்கொண்டிருந்தால் ஓடவே ஓடாது. கையை எடுத்துவிட்டுச் சில நிமிடம் காத்திருங்கள். திட்டத்தின் தளத்தில் உங்கள் கணக்கிலும் கார்டு வகையைத் தேர்ந்தெடுக்கும் இடம் உண்டு, அதையும் பாருங்கள்.

விண்டோஸில் பாயிங்க்கைச் சர்வீஸாக, அதாவது பின்னணியில் தானாக ஓடும் நிரலாக நிறுவினால் கார்டு கிடைக்காது. நிறுவும்போது அந்தப் பெட்டியில் குறி போடாதீர்கள். தொலைவிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் வழியாக நுழையும்போதும் கார்டு மறைந்துவிடக்கூடும். ஒரே கணினியில் இரண்டு வேறு வேறு கார்டுகள் இருந்தால், பாயிங்க் வலுவானதை மட்டும் எடுத்துக்கொள்ளும். எல்லாக் கார்டையும் பயன்படுத்து என்று அதன் அமைப்புக் கோப்பில் சொல்ல வேண்டும்.

புது டிரைவர் வந்தவுடன் மாற்ற வேண்டுமா?

நன்றாக ஓடுவதை ஏன் தொட வேண்டும்? பாதுகாப்புத் திருத்தம் இருந்தால் போடுங்கள். மற்றபடி நான் அவசரப்படுவதில்லை. மாற்றும் முன் பாயிங்க்கை நிறுத்துங்கள், கார்டு கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது டிரைவரைப் பிடுங்கினால் துண்டு பிழையாகிவிடும். மாற்றிய பிறகு துண்டுகள் வரிசையாகப் பிழையானால், டிடியு என்ற கருவியால் பழைய டிரைவரின் மிச்சத்தையும் துடைத்துவிட்டு, முன்பு ஓடிய டிரைவரையே திரும்பப் போடுங்கள். பிழையான விடைகளை அனுப்பிக்கொண்டே இருப்பது ஆராய்ச்சியாளர்களுக்குச் செய்யும் உதவி ஆகாது. அவர்கள் அதே துண்டை இன்னொருவருக்கு மறுபடி அனுப்ப வேண்டியிருக்கும்.

தெனாகா மின்சார பில் எகிறுமா? அம்மா திட்டுகிறார்.

அம்மா கேட்பது நியாயம். கணக்குப் போட்டே காட்டுங்கள். ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு முழு வேகத்தில் 170 வாட் இழுக்கும். தினம் 8 மணி நேரம் என்றால் மாதம் ஏறக்குறைய 41 யூனிட். 2025 ஜூலையில் வந்த கட்டண முறையில், மாதம் 1,500 யூனிட் வரை பயன்படுத்தும் வீட்டுக்கு மின்சாரம் 27.03 சென், திறன் 4.55, கம்பித்தடம் 12.85 என்று யூனிட்டுக்கு 44.43 சென். ஆக மாதம் சுமார் 18 வெள்ளி (ரிங்கிட்). இது கார்டுக்கு மட்டும், கணினியின் மற்ற பாகங்கள் தனி. இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. குறைவாகப் பயன்படுத்தும் வீடுகளுக்குக் கொடுக்கும் சிக்கனத் தள்ளுபடி, யூனிட் கூடக் கூடக் குறையும், 1,000 யூனிட்டைத் தாண்டினால் இல்லை. வீட்டில் ஏர்கானும் ஓடினால் எல்லைக்கோட்டில் இருப்பீர்கள்.

இதற்கு நல்ல வழி மின்வரம்பைக் குறைப்பது. விண்டோஸில் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரில் ஒரு நகர்த்தி இருக்கிறது. லினக்ஸில் என்விடியா டிரைவரோடு வரும் என்விடியா எஸ்எம்ஐ கருவி போதும். என் 3060ஐ 120 வாட்டில் கட்டி வைத்திருக்கிறேன். வேகம் கொஞ்சம்தான் குறைந்தது, பில்லும் சூடும் நன்றாகவே இறங்கின. நம் ஊரில் அறையின் வெப்பமே 30 பாகை. கார்டு விசிறி நாள் முழுக்க அலறக்கூடாது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தூசி தட்டுங்கள். மாலையில் இடியும் மின்னலும் வந்தால் வேலையை நிறுத்திப் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், பாயிங்க் பெரும்பாலும் விட்ட இடத்திலிருந்தே தொடரும்.

நேரத்துக்கேற்ற கட்டணத்துக்கு மாறியவர்கள், வார நாளில் இரவு 10 மணிக்கு மேல் ஓட விட்டால் மலிவு.

மடிக்கணினியில் ஓட்டலாமா?

கார்டை விட்டு ஓட்ட வேண்டாம் என்பதே என் கருத்து. அந்த மெல்லிய உடம்பு இரவெல்லாம் 85 பாகையில் வேக வேண்டியதில்லை. கட்டாயம் ஓட்டுவேன் என்றால், கீழே காற்றுப் போக இடம் விட்டு, மெத்தைமேல் வைக்காமல், மின்வரம்பைக் குறைத்து ஓட்டுங்கள்.

என் கணினியில் தனிக் கார்டே இல்லையே?

அப்படியென்றால் இந்த டிரைவர் தொல்லை எதுவுமே உங்களுக்கு இல்லை. ரோசெட்டா அட் ஹோம் புரத வடிவங்களை ஆராய்கிறது, கிளைமேட் பிரெடிக்ஷன் பருவநிலையைக் கணிக்கிறது. இரண்டுக்கும் வெறும் பிராசசரே போதும். ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் பாயிங்க் ஓடும். சார்ஜ் ஏறிக்கொண்டும் வைஃபையில் இணைந்தும் இருக்கும்போது மட்டும் வேலை செய்யும்படி அமைத்துக்கொள்ளலாம். பாயிங்க்கை நிறுவி, ஒரு திட்டத்தைத் தேர்ந்தெடுத்து, மின்னஞ்சல் கொடுத்துச் சேருங்கள். திட்டத்திடம் வேலை இருந்தால் முதல் துண்டு வந்துவிடும்.